காற்று ஒழுகும் எட்டுத் தோல்கள்

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
1938 ஜூலை 12, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் இருதயராஜுக்கு உன் அப்பா ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை சௌந்தரம், கொல்லையில் கட்டியிருக்கும் வெள்ளாடு ஆக நான்கு உயிரும் ஆண்டவர் தயவால் சுகமாக இருக்கிறோம். ஆட்டைச் சேர்த்து எழுதினேன் என்று சிரிக்காதே, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவன் வீட்டில் ஒரு ஆடு மூன்று வருஷமாக உயிரோடு இருப்பது சொல்லிக்கொள்ள வேண்டிய சங்கதிதான். நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளி போர்த்தி இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் அவசரம். ஜூன் இருபத்துநாலாம் தேதி நான் கப்பலில் போட்ட பார்சல் உன் கைக்கு இன்னும் வந்திருக்காது. இந்தக் கடிதம் ஆகாய விமானத் தபாலில் வருகிறது, அதை முந்திவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அந்தப் பார்சல் வந்ததும் அதிலிருக்கிற எட்டுத் தோலில் ஒன்றைக்கூட உன் கம்பெனிப் பெட்டியின் துருத்தியில் வைத்துத் தைத்துவிடாதே. பார்க்க ராஜாத்தி மாதிரி இருக்கும், தடவினால் கை வழுக்கும், வாசனைகூட நன்றாக இருக்கும். ஏமாந்துவிடாதே. நம் குடும்பத்துக்கு ஒருவன் ஏமாந்தது போதும், அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

எப்படி என்று சொல்வதற்கு முன் உன் வேலையை நான் புரிந்துகொண்ட அளவில் திருப்பி எழுதுகிறேன், தப்பிருந்தால் நீ தனியாகச் சிரித்துக்கொள், கம்பெனியில் வாசித்துக் காட்டாதே. நீ இருக்கிற பட்டறையில் மரத்தால் ஒரு குட்டி விமானம் செய்கிறீர்கள், அது பறக்காது. தரையில் துருத்திகள் மேல் உட்கார்ந்திருக்கும். விமானம் ஓட்டப் பழகுகிற பையனை உள்ளே உட்காரவைத்து மூடியைச் சாத்திவிடுவார்கள். அவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே முள் ஆடுகிற கடிகாரங்கள் மட்டும். அவன் பிடியைத் திருப்பினால் துருத்திகளில் காற்று ஏறி இறங்கிப் பெட்டி இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். வாத்தியார் வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து அவன் எங்கே தப்புகிறான் என்று காகிதத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். பையன் மலையில் மோதினாலும் மூடியைத் திறந்து இறங்கி டீ குடிக்கப் போகலாம். இதைக் கேட்டதும் உன் அம்மா முதல் தடவையாக உன் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். "யாரும் சாகாத விமானம்னா இன்னும் நாலு செய்யச் சொல்லுங்க" என்றாள். எங்கள் ஷாப்பு ரைட்டர் கோதண்டராமன் இருக்கிறாரே, உன் காகிதங்களில் வருகிற இங்கிலீஷை எனக்குப் படித்துச் சொல்கிறவர், அவர் மட்டும் மூக்கால் சிரித்தார். "இன்னாயா ஆரோக்கியம், பையன் ஏரோப்ளேன் கம்பெனியில இருக்கான்னு ஆம்பூர் பூரா தண்டோரா போட்டே. கடைசியில பறக்காத ஏரோப்ளேனா? சக்கரமில்லாத ஜட்கா செய்யற கம்பெனி பக்கத்துல இருக்கான்னு கேட்டு எழுது, என் மச்சான் பையன் சும்மா இருக்கான்" என்றார். அவர் சொன்னது மத்தியான மணி அடிப்பதற்குள் ஊறவைக்கிற தொட்டி வரைக்கும் போய்விட்டது. இப்போது என்னைப் பார்த்தால் கடைநிலைக் கூலிக்காரன்கூடக் கையை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஆடிக் காட்டுகிறான்.

உன் கடிதத்தில் நீ இன்னொன்று எழுதியிருந்தாய், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இந்த வேலைக்கு இஞ்சினீயர்கள் கிடைக்காமல் தவிக்கிறார்கள், மின்சாரம் தெரிந்தவன், காற்றழுத்தக் கணக்குத் தெரிந்தவன், முள் கடிகாரம் செய்யத் தெரிந்தவன், படம் வரையத் தெரிந்தவன் எல்லோருக்கும் இடம் இருக்கிறது, ஒவ்வொரு விமானப் பள்ளிக்கும் ஒரு பெட்டி வாங்கப் போகிறார்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் பழுது பார்க்க ஒரு ஆள் வேண்டும், நாளைக்குக் கராச்சிக்கோ பெங்களூருக்கோ ஒரு பெட்டி வந்தால் அதோடு என்னையே அனுப்புவார்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கும்போது காட்பாடி ஸ்டேஷனில் நீ இறங்குவது மாதிரியே இருந்தது. ஆனால் கோதண்டராமன் காகிதத்தை மடித்துக்கொண்டே, "இத்தினி பெட்டி இன்னாத்துக்குய்யா? சண்டை வரப்போவுது. சண்டை ஜாஸ்தி ஆனா உம் புள்ளைக்கு வேலையும் ஜாஸ்தி" என்றார். அன்றிலிருந்து பூசையில் முழங்கால் போட்டால் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சண்டை வேண்டாம் என்று ஆரம்பித்தால் பாதியில் உன் உத்தியோகம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொள்கிறேன். உத்தியோகம் நிலைக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் பெயர் தெரியாத தாய்மார்கள் எல்லாம் வந்து எதிரே நிற்கிறார்கள். கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன். நாட்றம்பள்ளிப் பக்கம் ரோட்டு ஓவர்சியர் வேலை ஒன்று காலியாக இருப்பதை முன்பே எழுதினேன். நீ பதிலே போடவில்லை. கிண்டியில் படித்துத் தேறிய பையன் சரளைக்கல்லை அளக்க வர மாட்டான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதி வைத்தேன், அப்பன் என்றால் அப்படித்தான்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். உன் கம்பெனித் துருத்திகளுக்குப் போட்டிருக்கிற ரப்பர் பூசிய துணி குளிரில் வெடித்துக் காற்று ஒழுகுகிறது என்றும், மேஸ்திரி துரையிடம் நீ வாய் திறந்து எங்கள் ஊர்த் தோல் போட்டால் நிற்கும் என்று சொல்லிவிட்டாய் என்றும், ஆகஸ்டு இருபதாம் தேதி விமானப் படை அதிகாரி ஒருவர் முன்னால் அந்தத் தோலைப் போட்டுப் பரீட்சை என்றும், தேறினால் உன்னை நிரந்தரமாக்குவார்கள், தவறினால் அந்த மாதத்தோடு சீட்டுக் கிழியும் என்றும் எழுதியிருந்தாய். அன்னிய தேசத்தில் போய் ஊர்ப் பெருமை பேசி மாட்டிக்கொள்கிற இந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கீழே நீ ஒரு வரி கோடு போட்டு எழுதியிருந்தாய், பார்வை எப்படி இருந்தாலும் பரவாயில்லை அப்பா, காற்று மட்டும் ஒழுகக் கூடாது என்று. அந்த வரியை நான் மதிக்கவில்லை. இருபத்தேழு வருஷமாக வடக்குப் பார்த்த ஜன்னலடியில் மேஜை போட்டுத் தரம் பிரிக்கிறவன் நான். தோலை விசிறினாற்போல் போட்டு, கண்ணால் ஒரு பார்வை, உள்ளங்கையால் ஒரு தடவல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எறிந்துவிடுவேன். அம்மை வடு, உண்ணிக்கடி, கத்திக் காயம், எது இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. முதல் தரத் தோலில்தான் வால் மூலையில் ஊதா மசியால் என் எழுத்தைப் போடுவேன், மூன்றாம் தரத்தில் இதுவரை போட்டதே இல்லை. அப்படிப்பட்டவன் என் மகனுக்கு, அதுவும் லண்டன் துரைகள் பார்க்கிற இடத்துக்கு, வடு விழுந்த தோலை அனுப்புவேனா? கை எழவில்லை. செம்மறித் தோலில் கண்ணாடி மாதிரி இருந்த எட்டைப் பொறுக்கினேன். அதோடு விட்டேனா? இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று உள்பக்கத்தை மேலும் சீவச் சொன்னேன். தேய்த்துப் பளபளப்பு ஏற்றச் சொன்னேன். எட்டிலும் என் எழுத்தைப் போட்டேன். பார்சலைத் தைக்கும்போது ஒரு பாட்டுகூடப் பாடினேன் என்று சௌந்தரம் சொல்கிறாள், அதை நான் மறுக்கிறேன்.

அவற்றோடு சீவி மிச்சமிருந்த இரண்டு தோலை என்ன செய்வது என்று பார்த்தேன். நம் கோவில் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து பல நாளாக இருமிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இங்கிலாந்துக்குப் போகிற தோல், சாமியாரே, நம் கோவிலுக்கும் இருக்கட்டும் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லி, ஷாப்பு ஆட்களை வைத்து நானே ஒட்டவைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை. சௌந்தரம் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தாள். நான் முன் வரிசையில் புது மேல்துண்டு போட்டுக்கொண்டு, யாராவது தோலைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்குத் தயாராக நின்றேன். முதல் அடி வரைக்கும் சரியாக இருந்தது. இரண்டாவது அடியில் சுரம் மெல்லக் கீழே இறங்கியது, பாட்டுக்காரர்களும் விசுவாசத்தோடு கூடவே இறங்கினார்கள். மூன்றாவது அடியில் அது உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது பார், பஞ்சாயத்தில் தோற்ற கிழவன்கூட அப்படி விட மாட்டான். சௌந்தரம் இடது கையால் அடித்து அடித்துப் பார்த்தாள், முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ ஒரு புண்ணியவான், "லண்டன் தோலு, குளுரு இல்லாம பாடாது" என்றான். கோவிலே சிரித்தது. சாமியார் பீடத்தில் திரும்பி நின்றுகொண்டிருந்தார், அவர் தோளும் குலுங்கியது. நானும் சிரித்தேன் மகனே, மூன்று நொடி. நாலாவது நொடியில் அந்த எட்டும் ஞாபகம் வந்தது.

மறுநாள் வேலூரிலிருந்து கவுஸ் பாஷாவை வரவழைத்தேன். ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர், சின்ன வயதிலிருந்து எனக்கு தோஸ்த். வந்து துருத்தியைப் பிரித்தார், என் தோலைக் கையில் எடுத்தார், கண்ணால் பார்க்கவே இல்லை. நேராக வாயில் வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். ஒரு இடம், இன்னொரு இடம், அப்புறம் விலாப் பக்கம். பிறகு தோலை மடித்து என் மடியில் போட்டார். "பாக்க ஷோக்கா கீது ஆரோக்கியம். கல்யாணப் பொண்ணு செருப்புக்குப் போடு. காத்து நிக்காது இதுல. நல்ல தோலுன்னா இழுத்தா உதட்டுல ஒட்டிக்கணும். இது ஜன்னலு மாதிரி கீது. யார் இத்தினி சீவனது?" என்றார். அவரே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "இருபத்தேழு வருசமா தோலு பாக்கறே, ஒரு தபா கூட வாயில வெக்கலியா நீ?" என்று கேட்டார். இல்லை மகனே. எங்கள் மேஜையில் யாரும் வைத்ததில்லை. நாங்கள் செருப்புக்கும் பைக்கும் பார்க்கிறவர்கள், எங்களுக்குக் கண்ணும் கையும் போதும். காற்றைப் பிடித்து வைக்கிற தோலுக்கு வேறு பரீட்சை என்று நீ ஒரு வரியில் எழுதினாய், நான் ஒரு எழுத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் போனபிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துக் கோதண்டராமனைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். ஒன்றில் எழுதியிருக்கிறாய், ஒரு பக்கத் துருத்தி ஒழுகினால் பெட்டி தானாகச் சாயும், ஆனால் முள் நேராகவே நிற்கும், பையன் சாய்வையே நேர் என்று உடம்பில் பழகிவிடுவான், அப்புறம் நிஜ மேகத்துக்குள் போனால் தொலைந்தான் என்று. உன் சீட்டுக் கிழிவது ஒரு பக்கம். என் எழுத்துப் போட்ட தோலின் மேல் உட்கார்ந்து ஒரு பிள்ளை தப்பாகப் பழகிப் போவது இன்னொரு பக்கம். யாரும் சாகாத விமானம் என்று உன் அம்மா சொன்னாளே, அதில் ஓட்டை போட்டவன் நான்.

நேற்றுச் சாயங்காலமே முதலாளி சாயபு வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நீண்ட ஆயுசு கேட்டு வேண்டிக்கொண்டேன். வெள்ளாட்டுத் தோலில், மேலும் சீவாத கட்டிலிருந்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். முப்பத்தொரு தோலை ஜட்காவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாக வாயில் வைத்து இழுக்க ஆரம்பித்தேன், ஆறாவது தோலில் மயக்கம் வந்துவிட்டது. மூக்குப் பொடி போடுகிற நெஞ்சில் மூச்சு எங்கே இருக்கிறது? உன் அம்மா என் கையிலிருந்து பிடுங்கினாள். "இப்படிக் குடுங்க. புள்ளைக்குப் போறதை மூச்சில்லாத ஆளு பாத்தா பேஜாராப் பூடும்" என்றாள். கொல்லையில் உட்கார்ந்து, ஆடு ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்க, தலையிலிருந்து வால் வரைக்கும், முதுகு, விலா, தொடை என்று ஓரிடம் விடாமல் முப்பத்தொன்றையும் வாயில் வைத்து இழுத்தாள். தோலில் ஊறிய ஆவாரம்பட்டைக் கசப்பு, கடுக்காய்த் துவர்ப்பு எல்லாம் நாக்கில் ஏறி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மோர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். போதும் என்றேன், கேட்கவில்லை. இன்று காலைக்குள், கவுஸ் பாஷா சொன்ன மாதிரி உதட்டில் ஒட்டிக்கொண்டவை பன்னிரண்டு தேறின. அந்தப் பன்னிரண்டையும் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒன்பதில் அம்மை வடு. அம்மை வடு விழுந்த என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரியே இருந்தது. நான் கழித்துத் தள்ளியிருக்கக்கூடிய மூன்றாம் தரம் எல்லாம். பன்னிரண்டிலும் வால் மூலையில் ஊதா மசியால் என் எழுத்தைப் போட்டுவிட்டேன். கோதண்டராமன் வந்து பார்த்துவிட்டு, பார்சல் விலாசத்தைத் தன் நல்ல கையெழுத்தில் அவரே எழுதிக்கொடுத்தார்.

நாளைக் காலை நானே காட்பாடிக்குப் போய் அதைத் தபால் ரயிலில் சேர்த்துவிட்டு வருவேன். கப்பல் ஒழுங்காக வந்தால் ஆகஸ்டு பதினைந்து வாக்கில் உனக்குக் கிடைக்கும், மழைக்காலக் கடல், நிச்சயம் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்பதுதான் என் கவலை. கையில் என் அழகான எட்டும் இருக்கும். மேஸ்திரி துரை பார்த்ததும் மயங்கிவிடுவார். பரீட்சை அரைமணி நேரம்தான் என்றால் நன்றாகத் தைத்து மெழுகு பூசி அந்த அரைமணி நேரம் தாக்காட்டிவிடலாம் என்று உனக்கும் தோன்றும், நீ என் பிள்ளை. அதைச் செய்யாதே. ஆர்மோனியமும் முதல் அடிவரைக்கும் நன்றாகத்தான் பாடியது. புதுத் தோல் வராவிட்டால் அந்த அதிகாரி முன்னால் நின்று, என் அப்பா தப்பான தோல் அனுப்பிவிட்டார், சரியானது கடலில் இருக்கிறது, இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல். நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தையே காட்டி நீயே இங்கிலீஷில் சொல். அசட்டுக் கிழவன் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும், இங்கே ஒரு கோவிலே சிரித்தாகிவிட்டது. பொறுக்க மாட்டோம் என்று சீட்டைக் கிழித்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடு. உன்னைக் காட்பாடியில் வந்து அழைத்துக்கொள்வேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், நாட்றம்பள்ளி ஓவர்சியர் வேலையைப் பற்றி ஒரு வாரம் வரைக்கும் பேசவும் மாட்டேன். அம்மா கேட்கச் சொன்னவை: இருமல் நின்றதா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, ஞாயிறு பூசைக்குப் போகிறாயா, அந்தப் பெட்டியில் நீ ஏறி உட்காருகிறாயா, ஏறினால் மூடியைச் சாத்திக்கொள்ளாமல் இருக்க முடியுமா. சௌந்தரம் உன்மேல் கோபமாக இருக்கிறாள், உன்னால்தான் கோவிலில் மானம் போனதாம். கவுஸ் பாஷா இன்று மத்தியானம் மறுபடி வந்து, நம் பன்னிரண்டில் வெட்டிய ஓரத்தை வைத்து ஆர்மோனியத்தை ஒட்டிக்கொடுத்திருக்கிறார், அடுத்த ஞாயிறு தெரியும்.

ஆண்டவரும் தேவமாதாவும் உனக்கு நேராக நிற்கிற உடம்பையும் நேராகச் சொல்கிற வாயையும் தரட்டும். தோல் வந்த அன்றைக்கே, எந்தத் தோல் என்று எழுதி, விமானத் தபாலில் பதில் போடு. அதுவரைக்கும் தபால்காரனுக்கு நான் வாசலிலேயே சலாம் போட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் மேல் பிரியமும் உனக்கு முன்னால் வெட்கமும் உள்ள அப்பா,
ஆ. ஆரோக்கியசாமி

பின்குறிப்பு: கடிதத்தோடு உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டில் ஒன்றின் கழுத்திலிருந்து வெட்டியது, வடு இருக்கும். பார்சல் வரும் வரைக்கும் மேஸ்திரி துரைக்கு இதைக் காட்டு. நீயும் உதட்டில் வைத்து மூச்சை இழுத்துப் பார், ஒட்டிக்கொள்ளும். கசக்கிறதென்று முகத்தைச் சுளிக்காதே. உனக்கு முன்னால் உன் அம்மா அதில் வாய் வைத்திருக்கிறாள்.